லைப்சிக்கில் கேட்டது, ஈப்போவில் கேட்க முடியாதது

"ஒரு நாளில், உங்களுக்குப் பிடித்த எதையாவது உங்களுக்காகச் செய்கிறீர்களா?"

குழந்தைகள் கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுத்த தாளில் இது ஒன்பதாவது கேள்வி. தூக்கம், பசி, அழுகை பற்றிய மற்ற எட்டையும் பரீட்சை எழுதுபவள் போல வரிசையாக முடித்துவிட்டேன். இதில் மட்டும் 'இசை கேட்பேன்' என்று எழுதினேன். பொய் சொல்கிறோமோ என்று அடித்தேன். அடித்தது அசிங்கமாக இருக்கிறதே என்று பக்கத்திலேயே மறுபடி எழுதி, அதையும் அடித்தேன். கிளினிக் தாதியான தமிழ் மிஸ்ஸி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, படம் வரையிறீங்களா? ஏதாச்சும் எழுதுங்க லா. நான் மார்க்கு போட மாட்டேன்."

கடைசியில் தாளைக் கிறுக்கலோடு அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்னமும் தெரியவில்லை. எனக்கு இசை என்றால் உயிர். ஆனால் பாப்பா பிறந்த இந்த எட்டு மாதத்தில் எதையும் முழுதாகக் கேட்க முடிந்ததில்லை. எதைப் போட்டாலும் அதற்கு அடியில் குழந்தை அழுவது கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கிளினிக்கில் எடை பார்க்கும் அறைக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது. வெளியே வந்து, வாசலில் கிடந்த பத்துப் பன்னிரண்டு ஜோடிகளில் என்னுடையதைக் காலால் துழாவியபோது சட்டென்று லைப்சிக் ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் இருக்கும் அந்தப் பழைய நகரத்துக்கும் மலேசியாவில் எங்கள் ஈப்போ கிளினிக் வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சப்பாத்துதான் சம்பந்தம். அதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் வேனைச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் பத்து காஜா டவுனுக்கு வந்தோம். அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டினார். காலையில் முதலில் பக்திப் பாட்டு, பிறகுதான் வானொலி என்பது அவருடைய சட்டம். ஒருநாள் சந்தையில், அட்டையில் கோபுரம் போட்ட ஒரு சி.டி.யை வாங்கி வந்து வேனில் போட்டார். வந்தது பாட்டில்லை. நூற்றுக்கணக்கான குழல்களில் ஒரே நேரத்தில் காற்றை ஊதியது போல ஒரு சத்தம். அது ஆர்கன் என்பதும், அட்டையில் இருந்தது தேவாலயக் கோபுரம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"என்ன பாட்டுப்பா இது?"

"சாமி பாட்டுதாம்மா. வேற சாமி."

"யாருமே பாடலியே?"

"ஐயரு இன்னும் வரல போல. பொறு, வருவாரு."

ஐயர் வரவே இல்லை. ஆனாலும் வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாதென்று அப்பா தினமும் அதைப் போட்டார். பின்சீட்டுப் பிள்ளைகள் எங்கள் வேனுக்குப் 'பேய் வேன்' என்று பெயர் வைத்தார்கள். முன்சீட்டில் இருந்த நான் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டேன். கடைசிப் பிள்ளை ஏறும்போது தொடங்கும் ஒரு நீண்ட உருப்படி, சிறைச்சாலைச் சுவரைத் தாண்டி, பள்ளி வாசலில் சரியாக முடியும். பன்னிரண்டு நிமிடம். சில மாதங்களில் வெட்கம் போய், அது இல்லாவிட்டால் நாளே ஓடாது என்றாகிவிட்டது.

படித்து முடித்து ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தேன். அப்பா அம்மா பால் எடுத்தார்கள். அது கையுறையாகி வந்தபின் ஓட்டை இருக்கிறதா என்று நான் பார்த்தேன். புதிதாக வந்த சோதனை இயந்திரத்தைக் கற்றுவர ஒருவரை லைப்சிக்குக்கு மூன்று வாரம் அனுப்பவேண்டி வந்தபோது என்னை அனுப்பினார்கள். இயந்திரத்தின் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பது காரணமாக இருக்கலாம்.

நவம்பர் மாதம். வேலை நாட்களில் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆள் இருந்தார்கள். சனியும் ஞாயிறும் ஒருவரும் இல்லை. ரொட்டிக் கடையில் 'ஒன்று', 'நன்றி' என்று சொல்லும்போதுதான் என் குரலை நானே கேட்பேன். அதனால் நடந்தேன். அங்கே நடைபாதைக் கற்களுக்கு நடுவே வளைந்த எஃகுக் கீற்றுகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைப் பின்தொடர்ந்தால் இசைக்காரர்கள் வாழ்ந்த வீடுகளுக்கும் வாசித்த இடங்களுக்கும் போய்ச் சேரலாம். குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். கட்டடங்களுக்குள் புகுந்து புறப்படும் கடைப் பாதைகளில் நுழையும்போதெல்லாம் ஈப்போ பழைய டவுனின் கடை வராந்தாக்கள் ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம், அங்கே யாரும் நடைபாதையில் மேசை போட்டு மீ நூடுல்ஸ் சாப்பிடவில்லை.

அப்படிக் கீற்று ஒன்று ஒரு சனிக்கிழமை பிற்பகல் பெரிய தேவாலயத்தின் முன் கொண்டுபோய் விட்டது. மூன்று மணிக்கு இசை என்று பலகை சொன்னது. இன்னும் அரைமணி நேரம் இருந்தது, வேறு யாரும் வரவில்லை. சப்பாத்து வைக்கும் தட்டைத் தேடினேன். காணோம். படியோரம் சுவரை ஒட்டி ஜோடியாக, நேராகக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். கல்தரையில் டக் டக்கென்று பூட்ஸ் சத்தம். அத்தனை பேர் காலிலும் சப்பாத்து. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்துபோய் எடுக்கலாமா, யாரும் பார்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குட்டை முடி வைத்த பணியாளர் பெண் ஒருவர் என் சப்பாத்துகளை உயரத் தூக்கிப் பிடித்தபடி நடுவழியில் வந்தார். ஒவ்வொரு வரிசையாக, "இது யாருடையது?" கை தூக்கினேன்.

"ஏன் கழற்றினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாமி இருக்கும் இடம்."

"போட்டுக்கொள்ளுங்கள், தரை குளிரும்."

தலையாட்டினேன். ஆனால் போட மனம் வரவில்லை. சாமிக்கு முன்னால் சப்பாத்து என்பதை என் கால் ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார், போனார், இருக்கையில் போடும் ஒரு சிறு மெத்தையைக் கொண்டுவந்து என் காலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக வாசித்தது வேனில் கேட்ட உருப்படி. நம்பமாட்டீர்கள், முதல் இரண்டு சுரத்திலேயே மூக்கில் வேன் சீட்டின் வெயில் வாசனை அடித்தது. மெத்தையிலிருந்து காலை எடுத்துக் கல்லில் வைத்தேன். கீழ்ஸ்தாயி சுரங்கள் தரை வழியாக உள்ளங்காலில் ஏறின. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் உலகத்தில் வேறு சத்தமே இல்லை. முடிந்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. திரும்பினேன். இரண்டு பக்கமும் இருக்கை காலி.

மறுநாள் காலை அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அவருக்கு அங்கே மாலைத் தேநீர் நேரம்.

"நம்ம வேன் பாட்ட நேர்ல கேட்டேன்பா. கால்லயே கேட்டுச்சு."

"நம்ம வேன்லயும் அப்படித்தானம்மா. சீட்டே ஆடும்ல."

"அது வேன் ஆடுனதுப்பா."

"ஐயரு வந்தாரா?"

"இல்லப்பா."

"அங்கயும் வரலியா!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் குமரன் பாப்பாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்.

"நான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்ல பாப்பாவே இல்ல. இப்ப எப்படி அழுகை கேக்குதுன்னு பாப்போம் லா."

கதவைச் சாத்தி, அந்தப் பன்னிரண்டு நிமிட உருப்படியைப் போட்டேன். நாலாவது நிமிடத்தில் பாப்பா அழுதாள். வீட்டில் குழந்தை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் எழுந்துபோய்க் காலித் தொட்டிலைப் பார்த்தேன். இசையை நிறுத்தினேன். அழுகையும் நின்றது. உடனே, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பயம் வந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு பார்க்குக்கு ஓடினேன். ஊஞ்சல் அருகே பாப்பா குமரனின் மூக்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு. நல்லா இருந்துச்சு," என்றேன்.

சுங்காய் தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. வேன் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வேலையை நானே விட்டேன். இவை எப்போது போயின என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்த அந்தக் காது எப்போது போனது என்றுதான் தெரியவில்லை. பாப்பா வீட்டில் இல்லாதபோதும் அழுகை கேட்டது என்று குமரனிடம் சொன்னால் கவலைப்படுவார். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் பிள்ளை வளர்த்து முடித்த அக்காமார்களே, உங்களிடம் கேட்கிறேன். இல்லாத அழுகை உங்களுக்கும் கேட்டதா? தானாகப் போயிற்றா, மருத்துவரிடம் சொன்னீர்களா? இன்னொன்றும் கேட்கவேண்டும். அது போன பிறகு, குழந்தை நிஜமாகவே அழுதபோது உங்களுக்குக் கேட்டதா? தயவுசெய்து இதற்கு முதலில் பதில் எழுதுங்கள்.