ஓங்கிய உலக்கை

எங்கள் மாமாவுக்கு ஆம்பூர் வந்த நாளிலிருந்தே ஆம்பூர் பிடிக்கவில்லை. நெமிலி வயற்காற்று வாங்கிய மூக்கு அது. அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டதால் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்க வந்தவர், ஒத்தாசையை விட்டுவிட்டு ஊர் நாற்றத்தையே பேசிக்கொண்டிருந்தார்.

காதர் பாய் அடுத்த சந்தில் இருந்தார். அவரும் அப்பாவும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய தோலைச் சவ்வு போகச் சீவுகிறவர்கள். சீவுகிற கத்திக்கு இரண்டு முனையிலும் பிடி இருக்கும். அவரவர் கத்தியை அவரவர்தான் வைத்துக்கொள்வார்கள். பாயின் கத்தி உடைந்துபோனதால் அப்பா தன்னுடையதைக் கொடுத்திருந்தார். இதை மாமாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை கிணற்றடியில் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொமட்டுது" என்றார். தண்ணீர் சேந்த வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாயின் முகம் கறுத்துப்போயிற்று. மாமாவின் சட்டையைப் பிடித்து, "உன்ன பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கோ ஒரே குஷி. எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. மாமாவையே போய்க் கேட்டேன்.

"பாய் வந்தா இன்னா பண்ணுவ மாமா?"

"அவன் மொதல்ல கை ஓங்கட்டும், அப்பறம் பாரு."

"ஓங்கிட்டா அப்பறம் உனக்கு நேரம் ஏது?"

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து போய் உலக்கையை எடுத்துவந்து கதவோரம் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷாப்பு விட்டதும் பாய் வந்தார். கத்தியை இரண்டு கையாலும் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எங்கள் வாசலுக்கே வந்தார். மாமா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். பாய் உள்ளே ஒரு காலை வைத்து, கத்தியைச் சற்றே தூக்கினார். மாமா உலக்கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்துப் பாய் குனிந்தார். அவருடைய பிடரி சரியாக உலக்கைக்குக் கீழே வந்தது.

"டேய், இர்றா" என்றாள் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

உலக்கை அப்படியே நின்றது. பாய் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். அம்மா குனிந்து அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்த பிறகுதான் பாய் உலக்கையைப் பார்த்தார்.

"கத்திய கைல குடுத்தா சண்ட வரும்பாங்க, தங்கச்சி" என்றார் அம்மாவிடம். "இருக்கற சண்டயே ஜாஸ்தி. அதான் கீழ வெச்சேன்."

வந்த வழியே போய்விட்டார்.

"வெட்ட வர்றவன் கூர தன் வயித்துப் பக்கம் திருப்பி வெச்சிக்கினு வருவானாடா?" என்று அம்மா கேட்டாள். மாமா உலக்கையைச் சுவரில் சாய்க்கப் போனார். அது சரிந்து விழுந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். காலையிலிருந்து காத்திருந்து கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மா மாமாவின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டு, "உடு, ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தப்பித்தவர் பாய்தானே, மாமா எதற்கு அழுகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவும் தப்பித்திருந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.