சிக்கந்தர் ராவுத்தரும் லாரியின் தலைதீபாவளியும்

மேற்கேயிருந்து ஆரப்பாளையம் போகிற பஸ் எங்கள் கோச்சடைத் தோட்டத்துப் பக்கம் நிற்பதில்லை. போன வெள்ளிக்கிழமை நின்றது. வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கி வரப்பில் நடந்து வந்து, "அண்ணே, ராவுத்தர் மவுத்தாயிட்டாருண்ணே. டீயக் குடிச்சிட்டுக் கிளாச வச்சவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். முந்தின நடையில் ஊருக்குள் போனபோது கேள்விப்பட்டாராம். பஸ்ஸில் இருந்த யாரும் நேரமாகிறது என்று சத்தம் போடவில்லை. அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதி, என்றைக்காவது ஒருநாள் சிக்கந்தர் ராவுத்தரின் கை பட்டுக் கிளம்பியவைதான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

மையித்து கிடத்தியிருந்த வீட்டில் நான் சிரித்துவிட்டேன். பார்த்தவர்கள் பார்த்தீர்கள், முகம் சுளித்தவர்கள் சுளித்தீர்கள். அதற்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வாடிப்பட்டி லாரிக்காரர் ஒருவர் இருந்தார். புது வண்டி வாங்கியிருக்கிறவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொத தீவாளிக்கு மிளகு போட்டுக் காச்சுன நல்லெண்ணெய எஞ்சின்ல ஊத்தணுமாம்ல? ராவுத்தர் பக்குவமாம்ல அது? அதுனாலதான் உங்க வண்டி அம்புட்டு வருசம் ஓடுச்சாம். நானும் ஒரு படி காச்சி வச்சிருக்கேண்ணே" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஐயா, வாடிப்பட்டிக்காரரே, இதைப் படிக்கிற மற்ற லாரிக்காரர்களே, தயவுசெய்து ஊற்றாதீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உலகச் சண்டைக்கு முந்தின காலம். நான் வாழைத்தாரை மாட்டுவண்டியில் ஏற்றி மதுரை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவேன். போய்ச் சேரும்போது பாதித் தார் அடிபட்டுக் கறுத்திருக்கும். ராவுத்தர் அப்போது ஒரு பஞ்சு ஆலையில் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைப் பழக்கம். ஒரே வயது என்பதால் எடுத்த எடுப்பிலேயே மாப்ள, மாப்ள என்றாகிவிட்டது. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு லாரி வாங்குவதென்று பேசினோம். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த பெட்டி, அவ்வளவுதான், குட்டி லாரி. என் பங்குக்கு இரண்டு ஜோடி வண்டிமாட்டை விற்றேன். அப்பா அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அந்தத் தகரத்துக்காரன் சாப்ட்டானா?" என்று அம்மாவிடம் கேட்பார். நானும் சளைத்தவனில்லை. "சாப்ட்டாச்சுன்னு சொல்லும்மா" என்பேன்.

புது லாரிக்கு எண்ணெய் வாங்க மாசி வீதிக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று டின்களை எடுத்து வைத்து, மதுரை வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் தாங்கும் என்று அடித்துச் சொன்னார். எனக்கு யானைப் படம் போட்ட டின் பிடித்திருந்தது. "டின்னுல இருக்குற யானையா மாப்ள வந்து வண்டிய இழுக்கப் போகுது?" என்று என்னை அடக்கிவிட்டு, ராவுத்தர் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "கல்யாணத்துக்குப் போட்ட புது மோதரம் விரல்ல லேசா ஏறுச்சா அண்ணே? புது எஞ்சினும் அப்படித்தான். எல்லாம் இறுக்கமா இருக்கும். இம்புட்டுக் கெட்டியா ஊத்துனா இடுக்குக்குள்ள போவாது. வயசான வண்டி வரும்போது அந்த டின்ன எடுங்க" என்றார். இளகின எண்ணெயோடு திரும்பினோம்.

முதல் ஐந்நூறு மைல் இருபதுக்கு மேல் முள் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓட்டுவது அவர், பக்கத்தில் உட்கார்ந்து மானம் போவது எனக்கு. வண்டியூர் தெப்பக்குளத்து ரோட்டில் ஒரு ஜட்கா எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, புல்லுக்கட்டு ஏதும் வேணுமா?" என்று கேட்டார். நான் சீட்டில் சரிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ராவுத்தரோ தலையில் இருந்த துண்டை எடுத்து வீசி, "நீ முன்னால போ அண்ணே, நாங்க பத்து வருசங் கழிச்சு முந்திக்கிறோம்" என்றார். குளத்தைத் தாண்டும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

ஐந்நூறு மைல் ஆனதும் எங்கள் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே கீழே இருந்த திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். வெயிலில் அந்த எண்ணெய்க்குள் பொடிப்பொடியாய் ஏதோ மினுங்கியது. ஐயோ, இரும்பு உதிருதே என்று குனிந்தேன். "பயப்படாத மாப்ள, எஞ்சினுக்குப் பால்பல் விழுகுது" என்றார். மேலே இருந்த மூடியைத் திறந்து புது எண்ணெய் ஊற்றினார். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கோட்டைக் காட்டினார். அப்பா மிச்சமிருந்த ஒரு ஜோடி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தொழுவத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுத்து வந்தது தீபாவளி. காலைச் சாப்பாட்டுக்கு ராவுத்தர் வந்தார். இட்லியும் கறிக்குழம்பும் முடித்து, மறுநாள் லோடுக்கு வண்டியைத் தயார் பண்ணலாம் என்று வெளியே வந்து எஞ்சினைக் கிளப்பினார். கிளப்பிய வேகத்திலேயே நிறுத்தினார். வெள்ளைப் புகை வாசலை மூடிக்கொண்டது. தெருவெல்லாம் பலகார வாசனை.

"மாப்ள, எஞ்சினுக்குள்ள ஆருய்யா பணியாரம் சுடுறது?"

அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் கோட்டைத் தாண்டி எங்கோ மேலே நின்றது. தொட்டார், மோந்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். "நல்லெண்ணெய். செக்குல ஆட்டுனது" என்று சொல்லிவிட்டு அண்டாவை வைத்துத் திருகாணியைக் கழற்றினார். எண்ணெய் கொழகொழவென்று இறங்கியது. கூடவே நாலைந்து மிளகும் ஒரு வெற்றிலைக் காம்பும் விழுந்தன. தீபாவளிக் குளியலுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் காய்ச்சுகிற பக்குவம் அது. அம்மா மோட்டார் பக்கமே போகமாட்டாள். எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று தொழுவத்தில் நின்று பார்த்தவர் ஒருவர்தான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மாட்டை விற்ற வஞ்சத்தை இப்படித் தீர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு குடும்பத்துப் பிழைப்பு அந்த எஞ்சினுக்குள் இருந்தது. "இன்னையோட இந்த வீட்ல எனக்கு அப்பன்னு ஒருத்தர் இல்ல மாப்ள. அவர நாலு வார்த்த கேட்டுட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன், உங்க தெருவுல ஒரு வீடு பாரு" என்று கத்திக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தேன். சொன்னால் செய்கிற ஆள் நான். திரும்பி வா என்று கூப்பிடுகிற ஆள் இல்லை அப்பா. ராவுத்தர் எண்ணெய்க் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"புகையப் பாத்து முடிவு பண்ணாதய்யா. முன்னால வந்து பாரு."

இழுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டைக் காட்டினார். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஸ்டியரிங்கின் மேல் ஒரு புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல். அதன் முனையில் மஞ்சள் தடவியிருந்தது. எனக்கும் என் தம்பிகளுக்கும் அன்று காலை அப்பா கையால் கொடுத்த துணிகளில் தடவியிருந்த அதே மஞ்சள்.

"வண்டியக் கொல்ல வந்த மனுசன் அதுக்குத் துண்டு ஏன்யா எடுத்துட்டு வாராரு? உங்கப்பா கெடுக்கலய்யா. வீட்ல சேத்துக்கிட்டாருய்யா. தல தீவாளி கொண்டாடியிருக்காரு மனுசன்!"

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். இப்போது உள்ளே போய், எஞ்சினுக்கு நல்லெண்ணெய் ஆகாது என்று அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வாயத் தொறந்தீன்னா இந்த லாரிக்கு வேற டிரைவர் பாத்துக்க" என்றார்.

அவரே உள்ளே போனார். "மாமா, குளியல் முடிஞ்சுச்சு. எண்ணெய வடிச்சுட்டு அலசித் துவட்டணும்ல? எண்ணெய் தேச்ச நீங்க பக்கத்துல இருக்க வேணாமா?" அப்பா மேல்துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினின் அடிப்பெட்டியைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். அப்பா ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். இளகின எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றியபோது பொழுது சாய்ந்திருந்தது. எஞ்சின் கிளம்பியது. புகை இல்லை, பணியார வாசனையும் போய்விட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, "சத்தம் சுத்தமா இருக்குலடா?" என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. "ஆமாப்பா" என்றேன்.

மறுநாளிலிருந்து ராவுத்தர் ஒரு வழக்கம் வைத்தார். காலையில் அப்பா அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, "சரியா இருக்கு மாப்ளே" என்று சொன்னால்தான் ஹேண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்புவார். அப்பா முதலில் பிகு பண்ணினார். பிறகு பல் விளக்குவதற்கு முன்பே லாரியிடம் போய் நிற்க ஆரம்பித்தார். அடுத்த தீபாவளிக்கு அம்மா எண்ணெய் காய்ச்சும்போது எனக்குத் திக்கென்றது. ராவுத்தர் அசரவே இல்லை. "தல தீவாளி ஒருக்கத்தான மாமா?" என்றார். அது நியாயமாகப் பட்டதால் அப்பா ஹெட்லைட்டில் ஒரு விரல் தொட்டு வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

சண்டைக் காலத்தில் நல்ல எஞ்சின் எண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. ஆரப்பாளையத்தில் ஒருவன் அசல் சரக்கு என்று ஒரு டின் கொண்டுவந்தான். ராவுத்தர் காகிதத்தில் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவருக்கே பிடிபடவில்லை. அப்பா டின்னுக்குள் மூக்கை விட்டு, "இதுல கடலை எண்ணெ கலந்திருக்கு" என்றார். டின்காரன் ஓட்டம் பிடித்தான். அன்று முழுக்க ராவுத்தர் போகிற வருகிறவரிடமெல்லாம், "எங்க மாமா மூக்கு இருக்கே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் மூக்கைப் பற்றி யாராவது அப்படிச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்.

தன் நல்லெண்ணெயால்தான் லாரி நோய்நொடி இல்லாமல் ஓடுகிறது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். கொஞ்ச நாளில், பிரியத்தினால், ராவுத்தரும் தானும் சேர்ந்து கண்டுபிடித்த பக்குவம் என்றும் சேர்த்துக்கொண்டார். வாடிப்பட்டிவரை போன கதை அதுதான். ஒருமுறை லாரிப் பேட்டையில் பத்து டிரைவர்களுக்கு நடுவில் அதைச் சொன்னபோது நான் வாயெடுத்தேன். ராவுத்தர் என் காலை மிதித்துவிட்டு, "ஆமா மாமா" என்றார். அப்புறம் அந்தப் பத்துப் பேரையும் தனித்தனியாகப் பிடித்து, ஊற்றிவிடாதீர்கள் என்று சொல்ல ஒரு வாரம் அலைந்தார். வாடிப்பட்டிக்காரர் அந்த வாரம் ஊரில் இல்லை போலிருக்கிறது.

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. கடைசிவரை அவருக்கு உண்மை தெரியாது. லாரியைப் பிறகு விற்றுவிட்டோம். அந்த எஞ்சினை ராவுத்தர் பிழைக்கவைத்த கதையைப் பலரும் பேசுவீர்கள். பேசுங்கள், அது உண்மைதான். ஆனால் அன்று அவர் என் மணிக்கட்டைப் பிடிக்காமல் விட்டிருந்தால், வாசற்படியில் வைத்த காலை நான் எடுத்திருக்கமாட்டேன். வெளியே போன என்னை அப்பாவும் கூப்பிட்டிருக்கமாட்டார். ஒரே ஊரில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் செத்திருப்போம். அதற்குப் பதிலாக எனக்கு அப்பாவோடு பேசவும் சண்டை போடவும் சிரிக்கவும் பதினோரு வருஷம் கிடைத்தது. அந்தப் பதினோரு வருஷம் நீ கொடுத்தது, மாப்ள. லாரி போனாலும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.