டீசல் மருந்து விற்க மறுத்தவர்

டீசலில் ஊற்றும் மருந்து விற்க வந்தவர்களில் ஒருவரைத்தான் நான் நல்லவர் என்பேன். மற்றவர்கள் வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னீர்குப்பத்தில் என் டிராக்டர் வெள்ளைப் புகை கக்கி, நின்று நின்று ஓடியது. ஊரில் பாதிப் பேருக்கு உழுது தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்ப் போனால் அந்தப் போகமே போச்சு.

அவர் குட்டையான ஆள். மொபெட்டில் பாட்டில் பையோடு நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றையும் கட்டி வருவார். எங்கே போனாலும் முதலில் டீசல் சேர்த்து வைக்கும் டிரம்மின் அடியில் இருப்பதைக் குழாயில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

"ரெண்டு பாட்டில் குடு" என்றேன்.

"தர மாட்டேன் நைனா. அடியில பாரு, தண்ணி நிக்குது. டிரம்ம மழையில நட்டு வச்சிகீறே. மூடி மேல தேங்கி உள்ள எறங்கிகீது."

"விக்க வந்தியா, வெறுப்பேத்த வந்தியா?"

"தண்ணிய டீசலாக்க இது இன்னா தீர்த்தமா? பம்பு தேயாம, துரு புடிக்காம காக்கும், அவ்ளோதான். மொதல்ல டேங்க கழுவு, பில்டர மாத்து. அப்பால வாங்கு."

திட்டித்தான் அனுப்பினேன். ஆனால் பயத்தில் அவர் சொன்னபடி செய்தேன். டேங்கிலிருந்து சேறாக வந்தது. உழவு நிற்கவில்லை.

அடுத்த வாரம் வந்தவர், கொட்டகைக்குள் சாய்த்து வைத்திருந்த டிரம்மைப் பார்த்த பிறகுதான் பையைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்த பம்பை நான் பிரிக்கவே இல்லை.

விற்க மாட்டேன் என்கிற ஆளை எந்த முதலாளி வேலைக்கு வைத்திருந்தான் என்று இன்றுவரை புரியவில்லை. எவனாக இருந்தாலும் அவனுக்கும் சேர்த்தே நன்றி.