எல்லோரும் சித்தியடைந்த வருடம்

என்னைப் படிக்கவைக்க எங்கள் பள்ளிக்கூடம் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கைக்குள் பால்காரர் வருவதற்கு முன்பே பள்ளி அதிபரின் மோட்டார் சைக்கிள் வந்துவிடும். படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடிப்பார். வீட்டுக்குள் லைட் எரிகிறதா, நான் எழும்பிவிட்டேனா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போவார். பதினோராம் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் மொக்குப் பிள்ளைகளின் வாசலில் மட்டும்தான் அந்த ஹோர்ன் கேட்கும். ஆகவே என் மொக்குத்தனம் விடியற்காலையிலேயே ஒழுங்கை முழுக்க அறிவிக்கப்பட்டுவிடும்.

அவர் எங்களுக்குப் புதிதாக வந்த அதிபர். அதற்கு முன்பெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு முன்வாங்கு, எங்களுக்குப் பின்வாங்கு, அவ்வளவுதான். இவர் வந்த கையோடு காலைப் பிரார்த்தனையில் சொன்னார்:

“இந்தமுறை ஒரு பிள்ளையையும் விடமாட்டம். ஒருத்தர் தவறினாலும் அது எங்கடை தோல்விதான்.”

சொன்னபடி செய்தார். முன்னோடிப் பரீட்சை முடிந்ததும் பின்தங்கிய பிள்ளைகளை ஆசிரியர்களுக்குள் பிரித்துக் கொடுத்தார். யாருக்கு யார் கிடைத்தார்களோ அது அவர்களின் சொந்தப் பிள்ளை மாதிரி. நான் கணித ரீச்சருக்குக் கிடைத்தேன். மற்றப் பாடங்களில் நான் தப்பிவிடுவேன். கணிதம்தான் என்னைக் கண்டால் ஓடும், அல்லது நான் அதைக் கண்டால் ஓடுவேன்.

ரீச்சர் வட்டுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர். பள்ளி விட்டபின் என்னை மறித்து வைத்துத் தன் சோற்றுப் பெட்டியில் பாதியை எனக்குப் போடுவார். “தின். வெறும் வயித்திலை அட்சரகணிதம் ஏறாது” என்பார். அவர் பக்கத்தில் இருக்கும்வரை எல்லாம் விளங்கும். அவர் எழும்பிப் போனதும் என் மூளையும் அவரோடு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விடும். மறுநாள் அதே கணக்கைப் புதுக் கணக்குப்போலப் பார்ப்பேன். அவர் ஒருநாளும் சலிக்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எனக்குத் தாதியாக வேண்டும். அப்பா ஆசுபத்திரியில் கிடந்து இறந்துபோன நாட்களில் வந்த ஆசை அது. வார்டில் நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றபோது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த வெள்ளை உடுப்புக்காரிகள் மட்டும்தான். ஆனால் கணிதத்தில் சித்தியில்லாமல் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானப் பிரிவு இல்லாமல் தாதி வேலை இல்லை. எப்படிச் சுற்றினாலும் அந்த ஒரு பாடம் வழியில் குறுக்கே நின்றது.

அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நிற்பவர். நடுகை நேரத்தில் நானும் கூடப் போவேன். அந்த வருடம் அதிபர் தோட்டத்து வரம்புக்கே போய் நின்று, “பிள்ளையை இனிக் கூப்பிடாதேங்கோ அம்மா, பரீட்சை முடியட்டும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் பங்கையும் அம்மாவே நட்டார். இருட்டுகிற நேரம் வந்து, முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரோடு சாய்ந்திருந்து, நான் படிப்பதைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு எண்கள் எல்லாம் கலங்கும்.

எங்கள் ஊர்களில் பெறுபேறு வந்தால் சந்தியில் பனர் கட்டுவது வழக்கம். ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள், மேலே வாழ்த்து, கீழே கட்டியவர்களின் பெயர். மழையும் வெயிலும் தின்னும்வரை அந்த முகங்கள் அங்கே நிற்கும். அதிபருக்கு இது பிடிக்கவில்லை.

“ஒன்பது ஏ எடுத்ததுகள் மட்டுமே எங்கடை பிள்ளையள்? இந்தமுறை எல்லாரின்ரை படத்தையும் போடுவம்” என்றார்.

மண்டபமே கைதட்டியது. நானும் கை நோகத் தட்டினேன். பரீட்சை அனுமதி அட்டையைப் பிள்ளையாருக்கு முன் வைத்துப் பூசை செய்த அன்றே படம் பிடிக்கிறவரும் வந்தார். ரீச்சர் என் பின்னலைச் சரிசெய்து, கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டு, “சிரி, அழுமூஞ்சி” என்றார். சிரித்தேன். பெறுபேறு வருமுன்பே பனர் அச்சாகி அதிபரின் அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு நம்பிக்கை அந்த மனுசனுக்கு.

பெறுபேறு வந்த அன்று ரீச்சர் தன் தொலைபேசியில் என் சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தார். கணிதத்துக்கு நேரே டபிள்யூ. எங்கள் வகுப்பில் தவறியது நான் ஒருத்திதான். ரீச்சர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழத் தொடங்கினார். “அழாதேங்கோ ரீச்சர், திரும்ப எழுதுவன்” என்று நான்தான் அவரைத் தேற்றினேன். அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவர் எனக்குச் சோறு போட்டார்.

மறுநாள் அதிபர் கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“உன்னை மட்டும் வெட்டி எடுக்க எனக்கு மனம் வரேல்லைப் பிள்ளை. எடுத்தால் ஆரெண்டு ஊருக்கே தெரிஞ்சுபோம். உன்ரை படமும் அப்பிடியே இருக்கட்டும். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்.”

அந்தக் கணத்தில் அவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். “ஓம் சேர்” என்றேன். பின்னேரமே சந்தியில் பனர் ஏறியது. சித்தியடைந்த எம் செல்வங்கள் அனைவருக்கும் வாழ்த்துகள் என்ற எழுத்துக்குக் கீழே, மூன்றாவது வரிசையில், நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தோட்டத்தால் வந்த அம்மாவைச் சந்தியில் சனம் மறித்துக் கையைப் பிடித்து வாழ்த்தியிருக்கிறது. கடைக்காரர் காகிதச் சரையில் கற்கண்டு சுற்றிக் கொடுத்திருக்கிறார். அம்மா அந்தச் சரையை என் மடியில் வைத்தார்.

“அம்மா, நான் திரும்பச் சோதினை எழுதவேணும்” என்றேன்.

“எப்பிடி எழுதுவாய்? பாஸானவள் ஏன் திரும்ப எழுதுறாளெண்டு சனம் கேக்காதோ? உனக்காக ஓடித் திரிஞ்ச மனுசனையும் பொய்யனாக்கப் போறியோ?”

தவறிய பிள்ளைகளுக்காக வருடாவருடம் சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் ஒரு வகுப்பு நடக்கும். அந்த வருடம் நடக்கவில்லை. ஒருத்தரும் தவறாத பள்ளிக்கூடத்தில் யாருக்கு வகுப்பு வைப்பது?

ரீச்சர் மட்டும் ஒருநாள் வீடு தேடி வந்தார். தன் வீட்டுக்கு வந்தால் ஒருத்தருக்கும் தெரியாமல் சொல்லித் தருகிறேன் என்றார். அம்மா படலையைத் திறக்கவில்லை. “நீங்கள் செய்ததே காணும் ரீச்சர். இவள் உங்கடை வீட்டுக்கு வந்து போனால் நாலுபேர் கதைப்பினம்” என்றார். நான் அடுப்படிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி திரும்பிப் போகிற சத்தமும் கேட்டது. ஓடிப்போய் மறித்திருக்கலாம் என்று யாரும் எனக்கு இன்று சொல்லத் தேவையில்லை. அம்மாவின் குனிந்த முதுகைப் பார்த்தபின் என் கால் எழும்பவில்லை.

என் சிநேகிதிகள் உயர்தர வகுப்புக்குப் போகத் தொடங்கினார்கள். நான் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, வவுனியாவில் உறவினர் வீட்டில் நின்று ஏதோ படிக்கிறேன் என்று அம்மா சொன்னார். சொன்னதை உண்மையாக்க நான் ஊரில் இல்லாமல் போகவேண்டி இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் சட்டைக் கொலர் தைக்கிறேன்.

எனக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது. ஆத்திரப்படுவதற்கு ஒரு கெட்டவனாவது வேண்டும். என் கதையில் ஒருத்தரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள், செய்துசெய்தே என்னைத் தொலைத்தார்கள். வாயைவிட்டுத் திட்டக்கூட முடியாத இந்தக் கோபத்தோடு எப்படி வாழ்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன கிழமை என் பக்கத்து மெசினுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளை, எங்கள் பள்ளிக்கூடம். சாப்பாட்டு நேரத்தில் அழுதுகொண்டே சொன்னாள்.

“நான் கணக்கிலை பெயில் அக்கா. உங்கடை வருசத்துப் பிள்ளையளைக் காட்டிக் காட்டித்தான் எங்களுக்குப் பேச்சு. ஒருத்தர்கூடத் தவறேல்லையாம். அவையளாலை ஏலுமெண்டால் உனக்கேன் ஏலாதெண்டு அதிபர் கேட்டவர். எனக்குச் சாகலாம் போலை கிடந்தது.”

சோற்றை மூடி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். இத்தனை காலமும் ஒருத்தருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன்.

“நானும் பெயில்தான் பிள்ளை. அதே கணக்கிலைதான்.”

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது.

“என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லாதேங்கோ அக்கா. சந்தியிலை உங்கடை படத்தை நான் பாத்தனான்.”