மரபணு பார்க்கத் திருப்பதி போனோம்

திருப்பதிக்குப் போகிறோம் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, லட்டுதான் கேட்பார்கள். போன ஆவணியில் நாங்கள் போனது என் தம்பி தினேஷின் இதயத்துக்காக. அதே காரணத்துக்காகப் போகிறவர்கள் இருந்தால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தினேஷுக்கு இருபத்திரண்டு வயது. நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டே போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ஒருநாள் வெயிலில் மயங்கி விழுந்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் மரபணுச் சோதனையில், இதயத் தசை சம்பந்தப்பட்ட ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பதாக வந்தது. அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாதாம். தெரியும்வரை ஓடக் கூடாது என்றார் டாக்டர். எழுந்ததும் ஷூ மாட்டுகிற பிள்ளை, எட்டு மாதம் அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

குடும்பத்தில் மூத்தவர்கள் யாருக்காவது அதே மாற்றம் இருந்து, அவர்கள் நன்றாகவும் இருந்தால் தெளிவு கிடைக்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு இல்லை. அப்படியென்றால் நைனா வழியில் வந்திருக்க வேண்டும். எங்கள் அப்பாவான நைனா லாரி விபத்தில் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மிச்சம் அவருடைய அக்கா, எங்கள் சரோஜா அத்தை.

அம்பத்தூரிலிருந்து முந்தின நாளே நான் நகரிக்குப் போய்விட்டேன். செவ்வாய் காலை ஆறரைக்குப் பஸ். நகரியிலிருந்து திருப்பதி ஐம்பது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை புளிசோற்றோடு வந்தாள். கூடவே அவள் கணவர், எழுபத்து நாலு வயது முனிரத்தினம் மாமா.

"நீ எதுக்கு மாமா? ரத்தம் அத்தைக்குத்தானே எடுக்கப் போறாங்க?" என்றேன்.

"சும்மா தொணைக்கு வரேன். நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருங்க, நான் பையத் தூக்கிக்கினு வரேன்."

புத்தூரில் பஸ் நின்றதும் மாமா தினேஷின் விலாவில் குத்தினார். "இன்னாடா, இங்கயே எறங்கி உன் ஜீனுக்கு ஒரு கட்டு போட்டுக்கினு போயிடலாமா?" எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊரில் அதைச் சொன்னதால் முன்சீட்டுக்காரரும் சிரித்தார். மயங்கி விழுந்ததற்குப் பிறகு தினேஷ் அன்றுதான் சிரித்தான். வடமாலபேட்டை தாண்டி மலை தெரிந்தபோது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா புளிசோற்றைத் திறந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் "தர்சனமா அம்மா?" என்று இருநூறு கேட்டார். ஆஸ்பத்திரி என்றதும் முகம் மாறி, "நூறு போதும், பதண்டி, போலாம்" என்று ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் ஒரு சின்னப் பெண், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். ரத்தம் எடுக்குமுன் வம்ச மரம் வரைய ஆரம்பித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

"மீ வீட்டுக்காரர் அசலா, சொந்தமா?" என்று அத்தையைக் கேட்டாள்.

"அசலு இன்னாம்மா? எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. என் தாய்மாமன்தான்."

பேனா நின்றது. அந்தப் பெண் காகிதத்தைத் திருப்பிப் புதிதாக வரைந்தாள். "மரி, அப்போ அவர் எங்க?"

எங்களுக்குப் பளிச்சென்றது. அத்தை புருஷன், அத்தை புருஷன் என்றே பழகிய மனிதர், எங்கள் நைனாவுக்கும் தாய்மாமன். அந்தக் கல்யாணத்தை எங்கள் வீட்டில் அதிசயமாகப் பார்த்ததே இல்லை என்பதால் ரத்தச் சொந்தம் என்பதே நினைவில் இல்லை. வெளியே பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு தூங்கியவரை எழுப்பி உள்ளே இழுத்தோம். "என் வயசுக்கு இன்னா டெஸ்ட்டு!" என்று முறைத்துக்கொண்டே கையை நீட்டினார். இதய ஸ்கேனும் அன்றே எடுத்துவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து முடிவு கேட்க மறுபடி நால்வரும் போனோம். அத்தைக்கு அந்த மாற்றம் இல்லை என்றதும் தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். மாமாவுக்கு இருக்கிறது என்றார் டாக்டர். ஸ்கேனில் அவர் இதயம் சுத்தம்.

அவர் ஒருவரை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை என்பதையும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டவரின் மரபணுக்கள். அவர்களிடம் இல்லாததால் தினேஷுடையது அபூர்வமாகத் தெரிந்திருக்கிறது. இப்போது நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவை முழுதாகப் படித்திருக்கிறார்கள். அதில் நோயில்லாத பலரிடம் இதே மாற்றம் இருக்கிறதாம். கெடுதல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, வருடம் ஒருமுறை ஸ்கேன் போதும், ஓடலாம் என்றார். அன்று மயங்கியது வெறும் வயிற்றில் வெயிலில் ஓடியதால் என்றார்.

அத்தை மூக்கைச் சிந்தினாள். மாமா தினேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, சொத்துதான் ஒண்ணும் குடுக்கல, இதையாவது குடுத்தேன்" என்றார். அந்த மனிதரைத் தொணைக்குக்கூட வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேனே!

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மரபணுச் சோதனைக்கு வெறும் வயிறு பொதுவாகத் தேவையில்லை, கேட்டுக்கொண்டு சாப்பிட்டே போங்கள். விசேஷ நாட்களைத் தவிருங்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. பழைய ரிப்போர்ட்டில் அர்த்தம் தெரியவில்லை என்றிருந்தால் ஓரிரு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம். வீட்டில் யார் யாரைக் கட்டினார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

முடிவு வந்த மறுநாள் விடியற்காலை தினேஷ் போன் செய்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அக்கா... மூணு ரவுண்டு முடிச்சிட்டேன். நாலாவது ஓடிக்கினு கீறேன்!"

"அப்புறம் இன்னாத்துக்குடா போன்ல பேசிக்கினு கீற? ஓடு!" என்று வைத்துவிட்டேன்.