சித்தப்பாவின் மாய்

சித்தப்பா ஹாங்காங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிட்டார். அவர்கள் இருவருக்கும் இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. சித்தியின் அம்மாவுக்கோ இங்கிலீஷும் தெரியாது, மாப்பிள்ளையையும் பிடிக்காது. கல்யாணத்துக்கே வராத அந்த அம்மாள் கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்த அன்று, சித்தப்பா ஹாங்காங் சீனமொழியான கான்டனீஸ் படிக்க உட்கார்ந்தார். கான்வென்ட் இங்கிலீஷ் கொடுத்த தைரியத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தி கரண்டியைக் காற்றில் ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொடுத்தாள். ‘மாய்’ என்று குரலை மேலே ஏற்றினால் வாங்குவது. கீழேயே நிறுத்தினால் விற்பது. பட்டுப்புடவை விற்பதுதான் சித்தப்பாவின் தொழில். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் கேள்வி கேட்பதுபோலவே முடிந்தது.

“பயந்துக்கினே பேசினா குரல் மேலதான் போவும் தம்பி,” என்றாள் அம்மா.

“எப்படி அண்ணி பயப்படாம இருக்கறது? பொண்ண கூட்டிக்கினு போகத்தானே வர்றாங்க.”

அதைக் கேட்டதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சித்திபோல எனக்கு வலிக்காமல் தலைவாரி விடுபவர்கள் வீட்டில் வேறு யாருமில்லை.

வந்திறங்கிய அம்மாள் காபியைத் தொடவில்லை. சித்தப்பாவிடம் என்னவோ கேட்டாள். அவர் ஒரு புடவையை விரித்துக் காட்டி, தன் தொழிலைச் சொன்னார். மாய் மேலே ஏறியது. அந்த அம்மாள் திரும்பக் கேட்டாள். இன்னும் மேலே ஏறியது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சித்தி, வாங்கிக்கொண்டே இருந்தால் என் பெண்ணுக்கு எப்போது சோறு போடுவாய் என்று தன் அம்மா கேட்பதாக இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த அம்மாள் பாயில் நகர்ந்து வந்து, அவருடைய மோவாயைப் பிடித்துக் கீழே அழுத்தி, “மாய்” என்றாள். அவர் திருப்பிச் சொன்னார். தப்பு. மறுபடி அழுத்தினாள். விளக்கு வைக்கும் நேரம்வரை அவரை விடவில்லை. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும் என்று எண்ணி, நான் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

பெண்ணை அழைத்துப் போகப்போகிறவள் மாப்பிள்ளைக்கு இத்தனை பொறுமையாகப் பாடம் சொல்லித்தர மாட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.