டியூப் ஆறும் வரை

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். இளையவள் அதே ஆஸ்பத்திரியில் ஆயா. மாமியாரின் பெரியம்மா வழியில் பார்த்தால் இளையவள் மூத்தவளுக்குத் தங்கை முறை வேறு ஆக வேண்டும். அந்த முறையைச் சொல்லித்தான் பெண் கேட்கப் போனார்கள், போனவர்களில் முன்னால் நின்று பேசியவளும் மூத்தவள். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஓரகத்திகள் என்று பேர்தானே தவிர, இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள்.

அடுத்த படத்துக்கு அவசரப்படுத்துகிறவர்களிடம் எல்லாம் மூத்தவள் "மெஷின் ஆறட்டும்" என்பாள், அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஆறட்டும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொழுந்தன், அதாவது இளையவளின் புருஷன், கட்டடங்களுக்குச் சாரம் கட்டி வர்ணம் அடிப்பவன், வாய்த்துடுக்கு. "எங்க அண்ணி டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த வேளை டீ வந்துடும்" என்பான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் அவள் சொன்னது விளையாட்டில்லை. மோதிரம் மாதிரி வட்டமாக நிற்கும் அந்த மெஷினுக்குள் ஒரு டியூப் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு தட்டு பேய்ச் சுழற்சி சுழலும். மின்சாரம் அதன்மேல் போய் அறையும்போது படம் பிடிக்கும் கதிர் பிறக்கும். கதிர் என்னவோ கொஞ்சூண்டுதான். நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம், மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கும், எண்ணெயிடமிருந்து தண்ணீர் வாங்கும், தண்ணீர் அதைக் குழாய் வழியாகப் பின்னறையில் நிற்கும் பீரோ போன்ற ஒரு பெட்டிக்குக் கொண்டுபோகும். பெட்டி அனல்காற்றாக ஊதித் தள்ளும். இவள் உட்காரும் கண்ணாடி அறையில், திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் ஒரு பட்டை ஏறும், இறங்கும். பட்டை உச்சியைத் தொட்டால் மெஷின் கையை விரித்துவிடும். ஆறின பிறகுதான் அடுத்த படம்.

கொஞ்ச நாளாகப் பட்டை இறங்க மறுத்தது. முன்பெல்லாம் ஒருவர் இறங்கி அடுத்தவர் படுப்பதற்குள் ஆறிவிடும் டியூப், இப்போது ஆள் படுத்த பிறகும் அடம்பிடித்தது. ஏ.சி. போதவில்லையோ என்று அவள் இன்னும் கூட்டி வைத்தாள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு காலையில் தட்டு சுழலத் தொடங்கும்போது ஒரு முனகல் கேட்டது. நோயாளிதான் முனகுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். மெத்தையில் யாருமில்லை.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"சத்தம் வருதுங்க சார். தட்டுல கோளாறு. ரெண்டு நாள் நிறுத்தி ஆளை வரச் சொல்லுங்க."

"ஓடுறவரைக்கும் ஓடட்டும்மா. ஊருக்கே ஒரு மெஷின். நிறுத்தினா ஆத்தைத் தாண்டிப் போவாங்களா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும் அந்த முனகலுக்குக் காது கொடுத்தாள்.

இதற்கிடையில் இளையவளுக்கு நல்ல பெயர். ஸ்கேன் அறைக் குளிரில் நடுங்கிக் கிடப்பவர்களுக்குச் சூடான கம்பளி கொண்டுவந்து போர்த்துவாள். "பெத்த தாயி மாதிரி கவனிக்கிறே தாயி" என்று கிழவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கே சூடாக்குகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. சமையலறைப் பக்கம் என்று மூத்தவள் நினைத்திருந்தாள். குளிர் கூடக் கூட இளையவள் போர்த்தும் கம்பளிகளும் கூடின.

அன்றைக்குக் காலையிலிருந்தே வயிறும் மார்புமாகப் பெரிய படங்கள். பட்டை உச்சிக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்போதுதான் கதவை இடித்துக்கொண்டு தள்ளுவண்டி வந்தது. சாரத்திலிருந்து விழுந்த ஆள் என்றார்கள். முகமெல்லாம் வர்ணமும் ரத்தமும். கழுத்துத் தாயத்தைப் பார்த்துத்தான் தன் கொழுந்தன் என்று அவளுக்குத் தெரிந்தது.

இளையவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மூத்தவள் அவளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, அவனைப் படுக்கவைத்து, தலையைப் பட்டியால் கட்டி, ஓடிவந்து பொத்தானைத் தொட்டாள். மெஷின் மறுத்தது. பட்டை உச்சியில்.

டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர், டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்தார்.

"அவசரச் சாவி இருக்குல்ல? அதைப் போட்டு எடுங்க சிஸ்டர். ஒரு கண்ணுல மணி விரியுது. உள்ளே ரத்தம் எந்தப் பக்கம்னு தெரியாம தலையைத் திறக்க முடியாது."

அவசரச் சாவி இருந்தது. போட்டால் மெஷின் கேட்கும். ஆனால் முனகுகிற தட்டின்மேல், இந்தச் சூட்டில், இன்னொரு அடி விழுந்தால் அது வெடித்துப் பிளக்கலாம். பிளந்தால் பாதிப் படம்கூட மிஞ்சாது. ஆற்றுக்கு அக்கரை மெஷினுக்குப் போய்ச் சேரும்வரை இவன் தாங்குவானா?

"ஆறட்டும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

இளையவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! உன் கொழுந்தன்கா! ஊரான் வீட்டுப் பொணமா? சாவியைப் போடுக்கா, உன் காலைப் புடிக்கிறேன்."

"போட்டா எல்லாம் போயிடும்டி."

"போறது என் தாலிதானே! உனக்கென்ன?"

பட்டை அசையவே இல்லை. ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. பின்னறைப் பெட்டி சூட்டை வெளியே தள்ளவில்லை என்று அப்போதுதான் அவள் புத்தியில் தைத்தது. கையை உதறிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். கதவைத் திறந்ததும் அடுப்புவாய் போல அனல் முகத்தில் அடித்தது. பெட்டியின் மேல் வாயில், அனல் வெளியேற வேண்டிய கம்பி வலையின்மேல், அடுக்கடுக்காகக் கம்பளிகள். ஓரம் மடிப்பு பிசகாமல், அழகாக.

இது யார் கை மடிப்பு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் துணி மடிப்பவள் ஒருத்திதான்.

வாரி எடுத்துக் கீழே எறிந்தாள். கடைசிக் கம்பளி கையைச் சுட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். இளையவள் வாசலில் நின்றிருந்தாள்.

"என் புருஷன் அங்க சாகுறான். நீ இங்க கம்பளி எடுத்து வெச்சிட்டிருக்கே."

மூத்தவள் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு, அவளை விலக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினாள். 

பட்டை இறங்கத் தொடங்கியது. கிழவி படி இறங்குவதுபோல, நின்று நின்று. கொழுந்தனின் மூச்சு அதைவிட மெதுவாக வந்தது. பட்டை கோட்டுக்குக் கீழே போனதும் பொத்தானை அமுக்கினாள். தட்டு முனகியது, முனகல் கீச்சலானது, ஆனால் சுற்றி முடித்தது. திரையில் தலை வந்தது. இடது பக்கம் வெள்ளையாகத் தேங்கிய ரத்தம். வண்டி அறுவை அறைக்கு ஓடியது.

உயிர் தப்பியது. வலது கை மட்டும் மடங்க மறுத்தது. தூரிகை பிடித்த கை. தலையைக் கொஞ்சம் முன்னாடி திறந்திருந்தால் கையும் தப்பியிருக்கலாம் என்று யாரோ டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது போதுமானதாக இருந்தது. மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். கூடப் படுக்கும் புருஷனே, "நீ ஏன் சாவியைப் போடல?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான். கொழுந்தன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கிண்டலும் செய்யவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

அடுத்த வாரம் டியூப் மாற்ற இன்ஜினியர் வந்தார். பழையதைக் கழற்றினார். தட்டில் நகக்கீறல் போல விரிசல். பெரிய டாக்டர், டூட்டி டாக்டர், வாசலில் துடைப்பத்தோடு இளையவள், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"இன்னும் ஒரு அடி அடிச்சிருந்தா ரெண்டாப் போயிருக்கும்" என்றார் இன்ஜினியர். "நாள் கணக்கா வெந்திருக்கு இது. பெட்டிக்குக் காத்துப் போகலை. எதையோ வெச்சு மூடியிருக்காங்க. யாரு?"

அறையே மூத்தவளைப் பார்த்தது. இளையவளின் துடைப்பம் நின்றது. அந்த முகத்தில் இன்னும் ஒன்றும் உதிக்கவில்லை. உதிக்க ஒரு நொடிதான் ஆகும். உதித்தால் அந்தப் பெண் மடங்காத அந்தக் கைக்குத் தினமும் எப்படிச் சோறு ஊட்டுவாள்?

"நான்தாங்க" என்றாள் மூத்தவள். "துணி காயப் போட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

பெரிய டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்ஜினியர் தலையை ஆட்டினார். இளையவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"கேட்டுக்கிட்டீங்களா? இனிமே அந்த வீட்டுல இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."